ரியோ நீக்ரோவுக்கு அக்டோபரில் போவதா, ஜனவரியில் போவதா? மழையைப் பார்ப்பதா, ஆற்றைப் பார்ப்பதா?

ஈப்போ_தூண்டில்:

வணக்கம் அண்ணன்மார்களே. பதினைந்து வருடமாக மலேசியாவில் ஈப்போ, பத்து காஜா பக்கம் பழைய ஈயலம்பக் குட்டைகளில் (ஈயம் தோண்டிய பள்ளங்களில் தேங்கிய குளங்கள்) பீகாக் பாஸ் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கிலோ மீன் ஏறினாலே நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பவன் நான். இப்போது நாலு பேர் சேர்ந்து அந்த மீனின் பிறந்த வீட்டுக்கே போகலாம் என்று முடிவு பண்ணிவிட்டோம். பிரேசில், ரியோ நீக்ரோ ஆறு, பார்செலோஸ் ஊர், படகிலேயே தங்கி ஆறு நாள். காசு கொஞ்ச நஞ்சமில்லை, வீட்டில் ஒரு தடவைதான் விடுவார்கள், அதனால் தேதி தப்பாகிவிடக் கூடாது.

ஏஜென்ட் இரண்டு தேதி தருகிறார்: அக்டோபர் கடைசி வாரம் அல்லது ஜனவரி மூன்றாவது வாரம். போனில் அந்த ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிற பெரிய நகரமான மனாவ்ஸின் வானிலையைப் பார்த்தால் ஜனவரியில் அடைமழை, அக்டோபரில் அதில் பாதிகூட இல்லை. அப்புறம் என்ன, அக்டோபர்தானே? ஆனால் ஏற்கெனவே போய் வந்த ஒருவர் ஜனவரி என்கிறார், காரணம் கேட்டால் "தண்ணி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். யாராவது விளக்கிச் சொல்லுங்கள்.

கரையோரன்:

தம்பி, மனாவ்ஸ் மழையை மறந்துவிடுங்கள். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், தண்ணீர் மரத்துக்குள் நிற்கிறதா, மணலில் நிற்கிறதா.

நம்ம ஊர் தெமெங்கோர் ஏரியில் நீர் ஏறிக் கரைப் புல்லுக்குள் புகுந்துவிட்டால் தோமான் (பெரிய விரால் வகை) எங்கே போய் உட்காரும் என்று உங்களுக்கே தெரியும். அதையே ஒரு நாடு அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ரியோ நீக்ரோ கரையெல்லாம் காடு, வருடத்தில் பாதி நாள் அந்தக் காட்டுக்குள்தான் ஆறு ஓடும், இகபோ என்பார்கள். சின்ன மீன் பழம், விதை தின்ன உள்ளே போகும், அதன் பின்னாலேயே துகுனாரேயும் (நம் பீகாக் பாஸ்தான்) போய்விடும். அப்புறம் எவ்வளவு வீசினாலும் லூர் (போலி இரை) கிளையில்தான் தொங்கும். நீர் இறங்கினால்தான் மீன் வேறு வழியில்லாமல் குளங்களுக்கும் கால்வாய்களுக்கும் திரும்பி வந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நாம் போக வேண்டிய நேரம் அதுதான்.

நான் போனது ஒரு நவம்பரில். முதல் நாள் சாயங்காலம் மணல் திட்டில் நாற்காலி போட்டு மீன் சுட்டுச் சாப்பிட்டோம். பக்கத்து மரத்தில் போன வெள்ளத்தின் கறை, என் தலைக்கு மேலே இன்னும் இரண்டு ஆள் உயரத்தில். படகோட்டி தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் படுக்கப் போனார். காலையில் குச்சி தண்ணீருக்குள் ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் முகம் போன போக்கைப் பார்த்தே எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்றாம் நாள் அந்தத் திட்டே இல்லை. இத்தனைக்கும் எங்கள் தலையில் ஒரு சொட்டு மழை கிடையாது, வெயில் மண்டையைப் பிளந்தது. மழை பெய்ததெல்லாம் பல நாள் முன்னால், மேலே கொலம்பியா எல்லைப் பக்கம். இறங்கிக்கொண்டிருக்கிற ஆறு நடுவில் இப்படித் திடீரென்று ஏறுவதற்கு ரெப்பிக்கேட்டே என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆறு நாளில் பெரிய மீன் என்று சொல்ல எனக்கு ஒன்றே ஒன்று, அதுவும் ஜிக்கில் (தண்ணீருக்குள் மூழ்கடித்து இழுக்கும் போலி இரை). கூட்டிப்போனவர்களிடம் கேட்டால் "ஆற்றுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று சீட்டில் எழுதியிருப்பதைக் காட்டினார்கள்.

மணல்திட்டு:

கரையோரன் அண்ணன் சொன்னது சரி, நான் கணக்குப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

எல்லாரும் மனாவ்ஸ் துறைமுக அளவைத்தான் பார்ப்பார்கள், 1902-லிருந்து குறித்து வைத்திருக்கிறார்கள். 2021 ஜூனில் 30.02 மீட்டர், இதுவரை அதுதான் உச்சம். 2024 அக்டோபரில் அதே இடத்தில் 12.2 மீட்டருக்கும் கீழே போனது. பதினெட்டு மீட்டர் வித்தியாசம், ஐந்து ஆறு மாடிக் கட்டடம்! ஆனால் மீன்பிடிக்க அந்த எண் அவ்வளவாக உதவாது. மனாவ்ஸுக்குக் கீழே சோலிமொயஸ் பேராறு வந்து சேருகிறது, அது ஏறினால் நீக்ரோவின் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் தேங்கும். அதாவது மனாவ்ஸ் அளவுகோல் பாதி நேரம் வேறொரு ஆற்றின் கதையைத்தான் சொல்கிறது. மனாவ்ஸில் அடிமட்டம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில். சுமார் 400 கிலோமீட்டர் மேலே இருக்கிற பார்செலோஸில் ஜூன், ஜூலை வாக்கில் உச்சம், அப்புறம் மெதுவாக இறங்கி, பல வருடங்களில் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள்தான் அடியைத் தொடும். உங்கள் நண்பர் "தண்ணி" என்றது இதைத்தான். பீகாக் பாஸில் 13.19 கிலோ உலக சாதனை மீன் பிடிபட்டதும் இந்த ஆற்றில்தான், 2010-ல்.

பிரேசில் புவியியல் ஆய்வுத் துறை அமேசான் ஆறுகளுக்கு வாராவாரம் அறிக்கை போடுகிறது, இலவசம். போர்த்துகீசிய மொழி என்று பயப்பட வேண்டாம், அட்டவணை புரியும். பார்செலோஸ், அதற்கு மேலே ஆற்றோரம் இருக்கிற சாவ் கேப்ரியல் ஊர், இந்த இரண்டு வரிகளையும் பாருங்கள். எண்ணை விட முக்கியம் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசம். மெதுவாக இறங்கினால் அருமை, அப்படியே நின்றாலும் நல்லது. சாவ் கேப்ரியலில் ஏறினால் சில நாளில் அந்தத் தண்ணீர் உங்கள் படகுக்குக் கீழே வந்துவிடும்.

இன்னொன்று, எல் நினோ வருடம் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் வருடம்) என்றால் அங்கே வறட்சி, ஆறு சீக்கிரம் இறங்கும். லா நினா (அந்தக் கடல் குளிரும் வருடம்) என்றால் எதிர்மாறு. அக்டோபர் தேதி எடுக்கிறவர்கள் இதைப் பார்க்காமல் எடுக்கவே கூடாது.

கொக்கி77:

ரொம்பக் குறைந்தாலும் கஷ்டம்தான், அதை யாரும் சொல்லவில்லையே. நான் 2023 அக்டோபரில் மாட்டிக்கொண்டேன். பெரிய படகு கிளையாற்றுக்குள் நுழையவே முடியவில்லை. அலுமினியப் படகை மணலில் இறங்கி இழுத்தோம், ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் திருக்கை இருக்குமோ என்று காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தபடி. குளத்துத் தண்ணீர் குளிக்கக் காய்ச்சிய வெந்நீர் மாதிரி. காலை ஒன்பது மணிக்கு மேல் மீன் வாயே திறக்காது. அந்த வறட்சியில்தான் அமேசான் பகுதியின் தெஃபே ஏரியில் நூற்றுக்கு மேல் டால்பின்கள் செத்து மிதந்தன.

மழையை முழுசாக மறந்துவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2023 செப்டம்பரில் பார்செலோஸில் அடைமழையில் இறங்கிய சின்ன விமானம் விபத்தாகி 14 பேர் இறந்தார்கள், பயணிகள் மீன்பிடிக்கப் போனவர்கள்தான். மழை கொட்டுகிறது, நாளைக்குப் போகலாம் என்றால் சரி என்று சொல்லுங்கள். ஒரு நாள் மீன் போனால் போகட்டும்.

ஈப்போ_தூண்டில்:

அண்ணன்மார்களுக்கு நன்றி. ஜனவரி என்று முடிவு. ஆனால் ஜனவரியிலும் ரெப்பிக்கேட்டே வந்தால்? ஏஜென்டிடம் என்ன கேட்க வேண்டும்?

கரையோரன்:

"தண்ணீர் ஏறினால் படகை எங்கே நகர்த்துவீர்கள்?" என்று கேளுங்கள். கரையில் கட்டிய விடுதி என்றால் அந்த இடத்துத் தண்ணீர்தான் உங்கள் தலையெழுத்து. படகு என்றால் வடக்கே தெமினி, அராகா, தெற்கே உனினி, காவுரேஸ் என்று கிளையாறு கிளையாறாக மாறிக்கொள்ளலாம். மழை எல்லா ஆற்றின் தலையிலும் ஒரே நாளில் பெய்வதில்லை, ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கிக்கொண்டிருக்கும். கிளையாறுகளின் பெயரைச் சொல்லத் தெரியாத ஏஜென்ட் என்றால் வேறு ஆள் பாருங்கள்.

புரொப்பெல்லர் லூர் (நீர்மேல் சத்தம் போட்டு வரும் போலி இரை) நாலு போதும், ஜிக் இருபதாவது கொண்டு போங்கள். தண்ணீர் ஏறினால் அதுதான் கைகொடுக்கும். பிரெய்டு (பின்னிய தூண்டில் நூல்) 65 பவுண்டு தாங்குவதற்குக் குறையாமல், லம்பக் குட்டைக் கணக்கெல்லாம் அங்கே ஆகாது.

கொக்கி77:

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும், திரும்பி வரும்போது மலேசியாவில் அதைக் கேட்பார்கள்.