பத்து சோலார் பேனல்களையும் ஒரே ஸ்ட்ரிங்காக (ஒரே தொடராக) இணைக்கலாமா? உறைபனிப் பகுதி வீடு, 5 கிலோவாட் இன்வெர்ட்டர்

பாலாடா விவசாயி

வணக்கம். உதகை அருகே முத்தோரை பாலாடாவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. தென்மேற்குப் பருவமழையின்போது மரம் விழுந்து கம்பி அறுந்தால் இரண்டு நாள்கூட மின்சாரம் இல்லாமல் இருக்க வேண்டியிருப்பதால், பேட்டரியோடு இயங்கும் 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர் ஒன்றும் 540 வாட் பேனல்கள் பத்தும் வாங்கியிருக்கிறோம். பேனலின் பின்புற லேபிளில் திறந்தசுற்று மின்னழுத்தம் (மின்சாரம் எதுவும் இழுக்கப்படாதபோது இருப்பது) 49.5 வோல்ட், இயங்கும் மின்னழுத்தம் 41.6 வோல்ட், இயங்கும் மின்னோட்டம் 13 ஆம்பியர் என்று அச்சிடப்பட்டுள்ளது. இன்வெர்ட்டரில் இரண்டு எம்பிபிடி (பேனல்களிலிருந்து இயன்ற அதிக மின்திறனை எடுக்கும்) உள்ளீடுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உச்ச வரம்பு 500 வோல்ட், இயங்கும் எல்லை 120 முதல் 430 வோல்ட், மின்னோட்டம் 16 ஆம்பியர்.

பேனல்கள் கிழங்குக் கொட்டகையின் தகரக் கூரையில் வருகின்றன. கிழக்குச் சரிவில் ஆறும் மேற்குச் சரிவில் நான்கும்தான் பொருந்துகின்றன. அங்கிருந்து வீட்டுக்குள் இருக்கும் இன்வெர்ட்டருக்கு 35 மீட்டர் தூரம். சமவெளியிலிருந்து வந்த பணியாளர், பத்தையும் தொடராக இணைத்தால் 495 வோல்ட்தான் வரும், 500-க்குள் அடங்கிவிடும், ஒரு ஜோடிக் கேபிளும் மிச்சம் என்கிறார். பாதுகாப்புக்கு வீட்டில் மீதமிருக்கும் எம்சிபியையே (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) போட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். அவர் நல்ல வேலைக்காரர்தான். ஆனால் இந்த 5 வோல்ட் இடைவெளி என் மனதை உறுத்துகிறது. இன்னும் எதையும் இணைக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோத்தகிரி மின்பணியாளர்

ஐயா, இணைப்பதற்கு முன் கேட்டது மிக நல்லதாயிற்று. பத்தையும் ஒரே ஸ்ட்ரிங்காக இணைக்க வேண்டாம்.

495 என்ற பெருக்கல் சரிதான். ஆனால் லேபிளில் உள்ள 49.5 வோல்ட் என்பது பேனலின் செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அளந்த அளவு. செல் குளிரக் குளிர மின்னழுத்தம் ஏறும். இவ்வகைப் பேனல்களில் அந்த ஏற்றம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.27 சதவீதம், உங்கள் பேனலின் தரவுத்தாளில் வெப்பநிலைக் கெழு என்ற வரியில் கழித்தல் குறியோடு அந்த எண் இருக்கும், அதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 18 டிகிரி விடியற்காலையில் இதே ஸ்ட்ரிங் 504 வோல்ட்டைத் தொட்டுவிடும் என்பதால் சமவெளிக்கே இந்தக் கணக்கு பொருந்தாது. பாலாடாவிலோ தை மாதத்தில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். சுழியம் டிகிரியில் 528 வோல்ட். தெளிந்த வானத்தின் கீழ் இரவெல்லாம் கிடக்கும் கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும் என்பதால் உங்கள் ஊருக்கு நான் கழித்தல் 5 டிகிரியை வைத்தே கணக்கிடுவேன். அப்போது 535 வோல்ட்.

இது நிகழும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். மின்னோட்டம் வெயிலின் அளவோடு மெல்ல மெல்லக் கூடும்; மின்னழுத்தம் அப்படியல்ல, முதல் வெளிச்சம் பட்டவுடனேயே பெருமளவு எழுந்துவிடும். அந்த நேரத்தில் இன்வெர்ட்டர் இன்னும் மின்சாரத்தை இழுக்கத் தொடங்காததால் பேனல்கள் திறந்தசுற்றாகவே நிற்கும். ஆகவே உறைபனி படிந்த கூரையில் முதல் வெயில் விழும் அந்தச் சில நிமிடங்கள்தான் இன்வெர்ட்டருக்கு ஆண்டின் கடுமையான நேரம். மின்னோட்டம் மிகுந்தால் எம்சிபி விழும். மின்னழுத்தம் மிகுந்தால் விழுவதற்கு எதுவும் இல்லை, உள்ளீட்டில் உள்ள மின்தேக்கிகளும் குறைகடத்திகளும்தான் அதைத் தாங்கியாக வேண்டும்.

உங்கள் கூரையே இதற்கு விடை தந்துவிடுகிறது. கிழக்குச் சரிவின் ஆறு பேனல்களை ஒரு ஸ்ட்ரிங்காக முதல் உள்ளீட்டுக்கும், மேற்குச் சரிவின் நான்கை இன்னொரு ஸ்ட்ரிங்காக இரண்டாம் உள்ளீட்டுக்கும் கொடுங்கள். கழித்தல் 5 டிகிரியில்கூட ஆறு பேனல்கள் 321 வோல்ட்டைத் தாண்டா. நான்கு பேனல்கள் இயங்கும்போது 166 வோல்ட் தரும். நண்பகல் வெயிலில் செல் 65 டிகிரிக்குச் சூடானாலும் 140-க்கு மேலேயே நிற்கும் என்பதால் 120 வோல்ட் எல்லைக்குக் கீழே போகாது. இரு சரிவுகளையும் ஒரே தொடரில் கோத்திருந்தால் காலையில் மேற்கும் மாலையில் கிழக்கும் மொத்தத்தையும் பிடித்து இழுத்திருக்கும், ஏனெனில் தொடரிணைப்பில் எல்லாப் பேனல்கள் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும்.

கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். போக வர 70 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிளில் 13 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 4.6 வோல்ட் இழப்பு வரும். ஆறு பேனல் ஸ்ட்ரிங்குக்கு அது 2 சதவீதத்துக்கும் குறைவு, பரவாயில்லை. நான்கு பேனல் ஸ்ட்ரிங்குக்கு ஏறத்தாழ 2.8 சதவீதம் ஆகிவிடுவதால் அதற்கு 6 சதுர மில்லிமீட்டர் போடுங்கள்.

வீட்டு எம்சிபியை டிசி பக்கம் போடவே கூடாது. ஏசி மின்னோட்டம் வினாடிக்கு நூறு முறை சுழியத்தைக் கடப்பதால் சுவிட்சைத் திறக்கும்போது எழும் மின்வில் தானாக அணைகிறது. டிசியில் அந்த இடைவெளி கிடையாது. மின்வில் நின்று எரிந்து, பெட்டியையே உருக்கும். டிசிக்கென்றே மதிப்பிடப்பட்ட ஐசோலேட்டர் (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இத்தகைய சுவிட்சுகள் பொதுவாகக் கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரம் வரைக்கும் என்ற கணக்கில்தான் மதிப்பிடப்படுகின்றன. உதகை ஏறத்தாழ 2240 மீட்டர். காற்று அடர்த்தி குறையும்போது அதன் மின்காப்பும் குறையும், சூடு தணிவதும் குறையும். எனவே 320 வோல்ட்தானே என்று எண்ணாமல் 1000 வோல்ட் டிசி மதிப்புள்ளதையே வாங்குங்கள். இன்வெர்ட்டரின் கையேட்டிலும் உயர வரம்பு இருக்கும், பார்த்துவிடுங்கள்.

பூம்பாறை வீடு

மேலே சொல்லப்பட்ட கணக்கை நான் பணம் கொடுத்துக் கற்றேன். கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறையில் எங்கள் வீடு. ஸ்ட்ரிங்கில் ஒரு பேனல் கூடுதலாக இருந்தது. மார்கழியில் நன்றாக ஓடிய இன்வெர்ட்டர் தை மாதத்து விடியற்காலை ஒன்றில் திரை இருண்டு நின்றுவிட்டது. பழுது பார்த்தவர்கள் உள்ளே பதிவாகியிருந்த உச்ச மின்னழுத்தத்தைக் காட்டி, வரம்பைத் தாண்டியிருப்பதால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை என்பதால் வாதாட வழியில்லை.

மலையில் இன்னொரு தொல்லை மூடுபனி. மழை நாள்களில் காலையில் இன்வெர்ட்டர் மின்காப்புப் பிழை என்று காட்டிப் பத்து மணி வரை தொடங்காமல் இருந்தது. தேடிப் பார்த்ததில், பேனல் கேபிள்களைப் பூட்டும் எம்சி4 இணைப்பான் ஒன்று தகரத்தின் பள்ளத்தில் தேங்கிய நீரில் கிடந்தது. அதன் ஒரு பாதி ஒரு தயாரிப்பு, மறுபாதி வேறு தயாரிப்பு. பார்வைக்குப் பொருந்தினாலும் உள்ளே சரியாகக் கவ்வாமல் நீர் புகவும், தொடர்பு தளர்ந்து சூடேறவும் அதுவே காரணமாகிறது. ஆண், பெண் இரண்டும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். கட்டிங் பிளேயரால் நசுக்காமல் உரிய கிரிம்பிங் கருவியால் அழுத்தச் சொல்லுங்கள். இணைப்பான்களைப் பேனல் சட்டத்தோடு உயர்த்திக் கட்டி, கேபிளைத் தகர விளிம்பில் உரசாதபடி குழாய்க்குள் கொண்டுபோங்கள். எங்கள் ஊரில் குரங்குகள் தொங்கும் கேபிளைப் பிடித்து இழுப்பது வழக்கம் என்பதால் குழாயைக் கூரை வரைக்கும் கொண்டுபோய் மூடினோம்.

கோடை இடிமழையை மறக்க வேண்டாம். கூரைச் சட்டங்களும் பேனல் சட்டங்களும் எர்த் கம்பியால் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். டிசி பக்கத்தில் மின்னெழுச்சித் தடுப்பான் வேண்டும். நேர்முனைக் கேபிளும் எதிர்முனைக் கேபிளும் தனித்தனி வழியில் போகாமல் ஒட்டியே ஓடினால், அருகில் இடி விழும்போது அவற்றில் தூண்டப்படும் மின்னழுத்தம் குறையும்.

பாலாடா விவசாயி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கைப் பணியாளரிடம் காட்டினேன். தரவுத்தாளைத் தாமே படித்துப் பார்த்துவிட்டு, ஆறும் நான்குமாகப் பிரிக்க ஒப்புக்கொண்டார். இணைக்கும்போது எந்த வரிசையில் செய்வது என்று மட்டும் சொல்லுங்கள். பேனல்களை அணைத்து வைக்க வழியில்லையே என்பதுதான் அச்சமாக இருக்கிறது.

கோத்தகிரி மின்பணியாளர்

அந்த அச்சம் நியாயமானது. வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் மின்னழுத்தம் இருக்கும். ஐசோலேட்டர் திறந்த (ஆஃப்) நிலையில் இருக்கட்டும். கூரையில் பேனல்களைக் கோத்து வாருங்கள், ஆனால் ஸ்ட்ரிங்கின் நடுவில் ஒரே ஒரு இணைப்பானைப் பூட்டாமல் விடுங்கள். கீழே எல்லாக் கேபிள்களையும் ஐசோலேட்டரில் பொருத்தி முடித்த பிறகே மேலே அந்தக் கடைசி இணைப்பானைப் பூட்ட வேண்டும். அடுத்து ஐசோலேட்டரின் கூரைப் பக்க முனைகளில் மீட்டரை வைத்து நேர்முனை, எதிர்முனை மாறவில்லை என்பதையும், வோல்ட் பேனல் எண்ணிக்கைக்குப் பொருந்துகிறது என்பதையும் பாருங்கள். ஒரு பேனல் விடுபட்டிருந்தால் 50 வோல்ட் குறைவாகக் காட்டிக் கொடுத்துவிடும். மீட்டர் 1000 வோல்ட் டிசி வரை தாங்குவதாக இருக்க வேண்டும், அதன் கம்பி ஆம்பியர் துளையில் செருகியிருக்கக் கூடாது. அந்தத் துளை வழியாக ஸ்ட்ரிங் முழுவதும் குறுக்குச்சுற்றாகி, கம்பியை எடுக்கும்போது கைக்கருகே மின்வில் எழும். மின்னோட்டத்தை டிசி கிளாம்ப் மீட்டரால் மட்டும் அளக்கலாம்.

எல்லாம் சரியென்றால், கையேடு வேறு முறை சொல்லாத பட்சத்தில், பேட்டரியை முதலில் இணைத்து இன்வெர்ட்டரை எழுப்பிவிட்டுப் பிறகு ஐசோலேட்டரை மூடுங்கள். பின்னாளில் எப்போது வேலை பார்த்தாலும் ஐசோலேட்டரைத் திறக்காமல் எம்சி4 இணைப்பானைப் பிடுங்க வேண்டாம். இன்வெர்ட்டர் மூடியைக் கழற்றுவதென்றால், உள்ளே மின்தேக்கிகள் மின்னிறக்கம் அடைய லேபிளில் குறித்த நேரம் காத்திருந்தே தொடுங்கள்.

பாலாடா விவசாயி

வேலை முடிந்தது. இன்று காலை ஏழரை மணிக்குத் தோட்டத்தில் உறைபனி இருந்தது. ஐசோலேட்டர்கள் திறந்திருக்கும்போதே அளந்தோம். வெயில் பட்டிருந்த கிழக்கு ஸ்ட்ரிங்கில் 311 வோல்ட், வெயில் எட்டாத மேற்கில் 201 வோல்ட். பத்தும் ஒன்றாக இருந்திருந்தால் 512 வோல்ட். பணியாளர் அந்த எண்களையும் பேனல் எண்ணிக்கையையும் தேதியோடு பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறார்.