மறுமொழி: பள்ளிக்கு அறுபதாயிரம் – பேச்சாளரும் வேண்டாம், சுவரில் குறளும் வேண்டாம்

நம்மூர்ச் சங்கத்து உறவுகளுக்கு டெல்லியிலிருந்து வணக்கம்.

நம்மூர்ப் பள்ளிக்கு உதவுவது பற்றி ஷார்ஜா அண்ணன் எழுதியதையும், அதற்குச் சிங்கப்பூர்த் தம்பி போட்டுக் காட்டிய செலவுக் கணக்கையும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் டெல்லிக்காரர்கள் ஏழு பேர் கூடியபோதும் இதே பேச்சுதான். நம்மூர்த் தொடக்கப் பள்ளிக்கு அறுபதாயிரம் கொடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பிள்ளைகளுக்கு ஒழுக்கம் குறைந்துவிட்டது, அதனால் பெயர் பெற்ற பேச்சாளரை அழைத்து ஒருநாள் முகாம் நடத்துவோம், மீதிப் பணத்தில் சுற்றுச்சுவர் முழுக்கக் குறள் எழுதுவோம் என்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முன்பு ஒருமுறை 'நேர்மைப் பரிசு' என்று ஒன்று வைத்தோமே, மறந்துவிட்டதா? யோசனை என்னுடையது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். கீழே கிடக்கும் பொருளை எடுத்து ஒப்படைக்கும் பிள்ளைக்கு மாதம் ஒரு பேனாப் பெட்டி. முதல் மாதம் நான்கு பென்சில்கள் வந்தன. மூன்றாம் மாதத்தில் தலைமையாசிரியையின் மேசையில் பென்சில், ரப்பர், ஸ்கேல், ஒற்றைச் செருப்பு வரைக்கும் குவிந்துவிட்டது. விசாரித்தால், நான்காம் வகுப்புப் பையன் பக்கத்தில் இருப்பவனின் பையிலிருந்து எடுத்து, "கீழே கிடந்தது டீச்சர்" என்று கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். பறிகொடுத்தவனும் கூட்டாளிதான், அடுத்த வாரம் முறை மாறும். பிள்ளைகளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நாம் விலை வைத்தோம், அவர்கள் சரக்கு கொண்டுவந்தார்கள்.

இங்கே டெல்லி அரசு 2018 ஜூலையில் தன் பள்ளிகளில் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் அது இருந்தது; ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் ஒரு பாடவேளை. கவனப் பயிற்சி, கதை, செயல்பாடு, மனத்தில் பட்டதை வெளிப்படுத்துவது, இவ்வளவுதான். தேர்வும் மதிப்பெண்ணும் கிடையாது. எங்கள் மாடியில் குடியிருக்கும் அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. அந்த வகுப்பை எடுத்தவர். கதையைச் சொல்லி முடித்துவிட்டு "இதிலிருந்து என்ன நீதி தெரிகிறது" என்று அவர் கேட்பதே இல்லை. "உனக்கு இப்படி நடந்ததுண்டா?" என்பதுதான் கேள்வி. முதல் இரண்டு மாதம் டீச்சருக்குப் பிடித்த பதிலையே பிள்ளைகள் சொன்னார்களாம். அதற்குப் பிறகுதான் ஒரு பையன், தங்கையின் உண்டியலை உடைத்தது தான்தான் என்று வாய் திறந்திருக்கிறான். ஒருநாள் முகாமில் அந்த இரண்டு மாதத்தை எங்கே வைப்பது?

அதை அப்படியே நம்மூருக்கு எடுத்துப் போகலாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியைகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர்தான், நம்மிடம் இருப்பதோ 43 பேர். மூன்றாவது ஆள் வரப்போவதில்லை. இளைய டீச்சர் முதல் மூன்று வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைத்து 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டப்படி அடிப்படை எழுத்தும் கணக்கும் நடத்துகிறார். தலைமையாசிரியை நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொண்டே பதிவேடு எழுதுகிறார். ஒருவர் பயிற்சிக்குப் போனால் 43 பிள்ளைகளும் மற்றவர் தலையில். 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதிலும் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. இதற்கு மேல் இன்னொரு பாடவேளையை ஏற்றினால் அது கால அட்டவணையில் இருக்கும், வகுப்பில் இருக்காது. நாம் படித்த காலத்தில் நீதிபோதனை வகுப்பு இருந்ததே. கணக்கு வாத்தியார் விட்டுப்போன கணக்குகளை அந்த நேரத்தில் முடித்தது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த நான், பள்ளி திறந்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு அந்தப் பக்கம் போனேன். 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு உண்டல்லவா, உப்புமா பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று தட்டைக் கவிழ்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஐந்தாம் வகுப்புப் பெண் அதட்டவில்லை. துணியை எடுத்து அதன் கையில் கொடுத்து, தானும் குனிந்து துடைத்தாள். பிறகு தன் தட்டிலிருந்து பாதியை அதற்கு வைத்தாள். கேட்டபோது இளைய டீச்சர் சொன்னார்: ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் கீழ் வகுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ ஒதுக்கியிருக்கிறாராம். கை கழுவ வைப்பது, செருப்பு மாட்டிவிடுவது, வராத நாளில் வீட்டுக்குப் போய் விசாரிப்பது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. செலவு ஒரு ரூபாய் இல்லை.

ஆனால் அந்த டீச்சருக்கு மாற்றல் வந்தால் மறு வாரமே இது நின்றுபோகும். என் கவலை அதுதான்.

"என்ன வேண்டும் டீச்சர்?" என்றேன். புரொஜெக்டர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "மதியம் ஒரு மணி நேரம் சின்னப் பிள்ளைகளுக்கு யாராவது கதை வாசித்துக் காட்டினால், தலைமையாசிரியை பதிவேடுகளை முடிப்பார், நான் பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவேன்" என்றார். ஊரில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகள்கள் எத்தனை பேர்! மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த 'இல்லம் தேடிக் கல்வி'த் தன்னார்வலர்களுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. கதை வாசிக்க அவர்களில் ஒருவரை வைத்து நாம் மாதம் 2,000 கொடுப்போம். பத்து மாதத்துக்கு 20,000, மூன்று ஆண்டுக்கு அதே அறுபதாயிரம். டீச்சர் மாறினாலும் அந்தப் பெண் ஊரிலேயே இருப்பாள். யாருக்கு யார் அண்ணன், யார் அக்கா என்ற நோட்டு அவள் கையில் இருக்கட்டும்.

ஆள் வைத்தால் தெருச் சண்டை வரும் என்று சென்னை மாமா சொல்வார். வரும். அதனால் நாம் யாரையும் சிபாரிசு செய்யக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்கள் தீர்மானம் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். பணமும் அவர்கள் வழியாகவே போகட்டும். என் பெயரில் 5,000 எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒருநாள் காலை எட்டரைக்குப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். சால்வை, போட்டோகிராபர் வேண்டாம்.

பேச்சாளருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதா என்பதை மட்டும் ஷார்ஜா அண்ணன் இன்றைக்கே தெரிவித்தால் நல்லது.

மேலத்தெரு தபால்காரர் வீட்டுப் பேரன்,
ராமகிருஷ்ணபுரம், டெல்லி