புதுப்பிப்பு: சிற்றூரில் ஓரிரவு என்றது மூன்றிரவானது

நாள் முழுதும் கார் இழுத்து ஓடியும் கேரவனின் (காரின் பின்னால் பூட்டி இழுக்கும் வீட்டு வண்டி) பேட்டரி ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். ஓரிரவு மட்டும் தங்க எண்ணிய சிற்றூரிலேயே விடை கிடைத்துவிட்டது. நிறைந்திருந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 11.9 காட்டியதால், அதை மாற்றிவிடத்தான் இருந்தேன். ஆனால் அவ்வூரின் ஒரே மெக்கானிக், டிராக்டர் பழுதுபார்ப்பவர், காரையும் கேரவனையும் இணைக்கும் மின் பிளக்கைக் கழற்றியபோது ஒரு முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்தக் களிம்பும், காரிலிருந்து பின்னால் வரை ஓடிய மெல்லிய வயரும் சேர்ந்து மின்னழுத்தத்தை வழியிலேயே விழுங்கிவிட, சார்ஜ் ஆகத் தேவையான சுமார் 14 வோல்ட் பேட்டரியை எட்டவே இல்லை. முனையைச் சுரண்டி, தடித்த வயர் போட்டதும் சரியாயிற்று. சரிவான சரளைத் திடலில் நிறுத்தியதால் கேரவனில் உள்ள, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் குளிராதது தனிக் கதை. சக்கரத்தின் கீழ்ப் பலகை வைத்து மட்டமாக்கியபின் அதுவும் குளிர்ந்தது.