‘ஏஐ 4கே, பிளாக்செயின்’ என்று விற்கும் வீடியோ தளம்: டியூஷனுக்கு எடுக்கலாமா?

சிப்புட்_டியூஷன்:
மலேசியா, சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) கணித டியூஷன். வெள்ளைப்பலகையில் எழுதி நடத்தும் 45 நிமிடப் பாடங்கள். இவற்றை ஏற்றி வைக்க ஒரு தளம் மாதம் 59 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறது. "ஏஐ 4கே, பிளாக்செயின் சேமிப்பு, ஏஐ தமிழ் சப்டைட்டில்" என்று விளம்பரம். பிள்ளைகள் பார்ப்பது ப்ரீபெய்ட் போனில். லயத்துப் பக்கம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) 4ஜி ஒரு கோடு, மிஞ்சினால் இரண்டு கோடு. இதில் எது மெய், எப்படிச் சோதிப்பது?

எம்பிபிஎஸ்_கணக்கு:
டெமோ வீடியோவைக் கணினியில் குரோமில் திறந்து எஃப்12 அழுத்துங்கள். மூன்று புள்ளி, மோர் டூல்ஸ், மீடியா. பிளேயரில் 4கேவைக் கையால் தேர்ந்தெடுத்து ஓடவிட்டால் உண்மையான ரெசல்யூஷன் அங்கே தெரியும். 1920×1080 என்று வந்தால் அந்த ‘4கே’ வெறும் ஸ்டிக்கர்.

3840×2160 வந்தாலும் உடனே நம்பாதீர்கள். 1080ஐ இழுத்துப் பெரிதாக்கினாலும் அதே எண்தான் காட்டும். அதே எஃப்12 பலகையின் நெட்வொர்க் பக்கத்தில் ஃபில்டரில் எம்3யு8 (m3u8, வீடியோவின் தரப் பட்டியல் கோப்பு) என்று அடித்து, பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யுங்கள் (ஒன்றும் வராவிட்டால் எம்பிடி, mpd). முதல் கோப்பில் ஒவ்வொரு தரத்துக்கும் ‘பேண்ட்வித்’ எண் இருக்கும். வினாடிக்கு அத்தனை பிட். 2500000 என்றால் 2.5 எம்பிபிஎஸ். நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் லைன் கேட்கிறது. ஏவி1 என்ற புதிய கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) இன்னும் குறைவாகவே போதும், அசையாத பலகைக்கு அதைவிடக் குறைவு. ஆனால் பழைய எச்.264இல், ஆள் நடமாடும் படத்துக்கு 2.5தான் என்றால் தலைமுடியும் சேலைக் கரையும் மெழுகு பூசியதுபோல வழவழவென்று தெரியும்.

அதெல்லாம் இருக்கட்டும், உங்களுக்கு 4கே எதற்கு? 15 எம்பிபிஎஸ்ஸில் 45 நிமிடம் ஓடினால் 5 ஜிபி போய்விடும். 720பியில் 1 எம்பிபிஎஸ் என்றால் சுமார் 340 எம்பி, பலகை எழுத்து தெளிவாகவே தெரியும். அதே கோப்பில் 360பி, 240பி இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் ஒரு கோட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பால்மரத்தான்:
பிளாக்செயினில் யாரும் பாடத்தை வைப்பதில்லை லா. அது பல கணினிகள் பிரதி வைத்திருக்கும் பதிவேடு. மிஞ்சிப்போனால் கோப்பின் ஹேஷ் (கைரேகை போன்ற சிறு அடையாள எண்), 32 பைட், அதில் ஏறும். வீடியோ வழக்கமான சர்வரில்தான் கிடக்கும். அதே நெட்வொர்க் பக்கத்தில் வீடியோத் துண்டுகள் எந்த முகவரியிலிருந்து வருகின்றன என்று பாருங்கள். எல்லாம் ஒரே சிடிஎன் (வீடியோவைப் பரிமாறும் வழக்கமான சர்வர் வலை) முகவரி என்றால் ‘பிளாக்செயின் சேமிப்பு’ கதை முடிந்தது.

பார்ப்பவர்கள் தங்களுக்குள் பகிரும் பி2பி என்று சொன்னால் இன்னும் கவனம். அது மெய்யாக இருந்தால் பிள்ளையின் போனே அடுத்தவருக்கு அனுப்பும், கோட்டா இரண்டு பக்கமும் கரையும்.

பெயரில் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம். 2017 டிசம்பரில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ கம்பெனி ‘லாங் பிளாக்செயின்’ என்று பெயரை மாற்றியதும் பங்கு விலை எகிறியது. 2021இல் அந்தப் பங்கின் பதிவையே அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் ரத்து செய்தது.

சிப்புட்_டியூஷன்:
நன்றி அண்ணே. சப்டைட்டில்? கணினி இல்லாமல் போனிலேயே சோதிக்க வழி உண்டா?

லயத்து_வைஃபை:
சப்டைட்டிலுக்கு அவர்களின் டெமோவைப் பார்க்காதீர்கள். மலாய்ச் சொல் கலந்த உங்கள் பாடத்தில் 2 நிமிடம் வெட்டி அனுப்பி, விடிடி கோப்பை (சப்டைட்டில் எழுத்துக் கோப்பு) கேளுங்கள். ‘பெர்சாமான் குவாட்ராதிக்’ (இருபடிச் சமன்பாடு) என்பது ‘பெரிய சாமான்’ என்று வந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், படிக்க மாட்டார்கள். நாமே திருத்தி மறுபடி ஏற்ற முடியுமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

போனில்: வைஃபையை அணைத்து, செட்டிங்ஸில் பிரவுசரின் டேட்டா அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தரத்தை ‘ஆட்டோ’வில் விடாமல் கையால் தேர்ந்தெடுத்து, சரியாக 10 நிமிடம் ஓட்டுங்கள். கூடிய எம்பியை 75ஆல் வகுத்தால் எம்பிபிஎஸ். பிளேயர் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைக்கும் என்பதால் எண் சற்றுக் கூடித்தான் வரும்.

59 வெள்ளி கொடுக்குமுன் யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ போட்டுப் பாருங்கள். போன் எண்ணை உறுதிப்படுத்தாத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏறாது; உறுதிப்படுத்தினால் 12 மணி நேரம் வரை ஏறும். ஆனால் லிங்க் கையில் இருக்கும் எவரும் பார்க்கலாம். கட்டணம் கட்டியவர் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் இது சரிப்படாது.