பழைய சுவர்ச்சாந்து: ஆய்வகம் ஒன்று சொல்கிறது, கொத்தனார் வேறு சொல்கிறார். எதை எழுதுவது?

மாடவீதி:
மயிலாப்பூரில் மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை) போட்ட பழைய வீடு ஒன்றின் உள்சுவர்ச் சாந்து பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். வழிகாட்டிகள் இருவர், ஒருவர் பொருளறிவியல், மற்றவர் மானிடவியல். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சாந்தைக் கரைத்ததில் 19 சதவீதம் கரைந்தது, 81 சதவீதம் மிஞ்சியது. கரைந்தது சுண்ணாம்பு, மிஞ்சியது மணல் என்ற கணக்கில் சுண்ணாம்பும் மணலும் 1:4.3. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் 14 பேரைக் கேட்டதில், 14 பேரும் "ஒண்ணுக்கு மூணு" என்கிறார்கள். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் கனிமங்களை அடையாளம் காணும் சோதனை) வரைபடத்தில் மணலின் குவார்ட்ஸ், இறுகிய சுண்ணாம்பின் கால்சைட் இரண்டோடு அரகோனைட்டும் (இதுவும் கால்சியம் கார்பனேட்தான், படிக வடிவம் வேறு) தெரிகிறது. பேட்டிகள் வெறும் அபிப்பிராயம் என்கிறார் ஒரு வழிகாட்டி. ஒரு துண்டுக் காரையை வைத்து ஒரு கைத்தொழிலை எப்படிச் சொல்வது என்கிறார் மற்றவர். எந்த எண்ணை எழுத வேண்டும்?

கிளிஞ்சல்:
இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்றை மற்றொன்றின் அலகுக்கு மாற்றுங்கள். கொத்தனாரின் "ஒண்ணு" ஒரு சட்டி, அதாவது கன அளவு. உங்கள் "ஒன்று" எடை. அதோடு, அவர் போட்டது நீற்றிய சுண்ணாம்பு. நீங்கள் கரைத்ததோ, காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி இறுகிக் கால்சியம் கார்பனேட் ஆகிவிட்டது. 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு இறுகினால் 100 கிராம் கார்பனேட்.

தோராயக் கணக்கு இது. ஊறவைத்த சுண்ணாம்புக் களி ஒரு லிட்டரில், தண்ணீர் போக சுமார் 0.6 கிலோ சுண்ணாம்பு இருக்கும். இறுகியபின் அது 0.81 கிலோ. உலர்ந்த மணல் மூன்று லிட்டர் சுமார் 4.65 கிலோ. மொத்தம் 5.46 கிலோவில் 0.81 என்றால் 14.8 சதவீதம். மணல் ஈரமாக இருந்தால் உப்பி நிற்கும், அதே சட்டிக்குள் குறைவான மணல்தான் கொள்ளும். 25 சதவீதம் உப்பியதாக வைத்தால் மணல் 3.72 கிலோ, சுண்ணாம்பின் பங்கு 17.9 சதவீதம். ஆக "ஒண்ணுக்கு மூணு" என்ற ஒரே பேச்சு, ஆய்வக மேசையில் 15 முதல் 18 சதவீதம் வரை எங்கும் வந்து நிற்கலாம்.

உங்கள் 19 அதற்கு மேலே போனதற்கு அந்த அரகோனைட் காரணமாக இருக்கலாம். சென்னைப் பக்கம் கிளிஞ்சல் சுண்ணாம்பு நிறையப் புழங்கியது. காளவாயில் முழுசாக வேகாத கிளிஞ்சல் அதன் இயல்பான அரகோனைட்டாகவே தங்கிவிடலாம். அது சாந்தில் மணலோடு மணலாகக் கிடக்கும், ஆனால் அமிலத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து கரைந்துவிடும். இன்னொரு துண்டை எடுத்து, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பிரித்து, 10 மடங்கு லென்ஸில் பார்த்துக் கிளிஞ்சல் ஓட்டுத் துணுக்குகளைப் பொறுக்கி எடை போடுங்கள். அடுக்கடுக்காக, முத்துப் பளபளப்போடு இருக்கும். 100 கிராமில் 4 கிராம் ஓடு கிடைத்தால், உண்மையான சுண்ணாம்பு 15 கிராம், ஓடு நீங்கிய 96-இல் 15.6 சதவீதம். ஓங்கி அடித்தால் மணலும் தூளாகிச் சுண்ணாம்போடு கலந்துவிடும், அதனால் மெல்லத்தான் தட்ட வேண்டும்.

எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் ஒரு எச்சரிக்கை. அரகோனைட்டின் பெரிய முகடு 26.2 டிகிரியில் வரும், குவார்ட்ஸ் 26.6-இல் உயரமாக நின்று அதை மறைக்கும். 27.2, 33.1 இரண்டிலும் முகடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அரகோனைட் என்று எழுத வேண்டும்.

பதம்பார்ப்பவர்:
கணக்கு சரிதான். பேட்டிப் பக்கம் எனக்கு உறுத்துவது, 14 பேரும் ஒரே எண்ணைச் சொன்னது. பொறியாளர் கேட்டால் விகிதம் சொல்ல வேண்டும் என்று வேலையிடத்தில் எல்லாருக்கும் பழகிப்போயிருக்கிறது. "என்ன விகிதம்?" என்று கேட்டால் விகிதம்தான் பதிலாக வரும். அதைக் கேட்காதீர்கள். கலக்கச் சொல்லுங்கள், தராசை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டியையும் நிறுத்துக் குறியுங்கள். குறைந்தது ஐந்து சட்டி, சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் எழுதுங்கள். தலைதட்டிய சட்டிக்கும் குவித்த சட்டிக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும்.

சட்டியை நிரப்புவது யார்? பெரும்பாலும் சித்தாள்தான். மணலை எவ்வளவு குவிப்பது, தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பது அந்த அம்மாவின் கையில் இருக்கிறது. உங்கள் 14 பேரில் ஒரு சித்தாள்கூட இல்லை. கலவையைப் பற்றிய ஆய்வில் கலப்பவரை விட்டுவிடுவது, மாதிரி எடுக்கும்போது பாதிச் சுவரை விட்டுவிடுவது போலத்தான்.

கொத்தனார் நிஜமாகப் பார்ப்பது பதம். "பதம் வந்துடுச்சு" என்று அவர் சொல்லும் நொடியில் ஒரு மாதிரி எடுங்கள். அதற்குச் சற்று முன்னால் ஒன்று, "தண்ணி ஜாஸ்தி" என்று அவர் ஒதுக்கும்போது ஒன்று. மூன்றையும் ஃப்ளோ டேபிளில் (சாந்து எவ்வளவு பரவுகிறது என்று அளக்கும் தட்டு) வைத்து 15 வினாடியில் 15 முறை தட்டி, பரவிய விட்டத்தை அளந்து பாருங்கள். கூடவே, ஒதுக்கியதற்கு அவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்: கரண்டியில் ஒட்டுதா, வழுக்குதா, சுவர் இழுத்துக்குதா. "சுவர் இழுத்துக்குது" என்பது செங்கல் தண்ணீரை உறிஞ்சும் வேகம், அதை ஃப்ளோ டேபிள் அளக்கவே அளக்காது. அந்த இடத்தில் கொத்தனாரின் விவரணைதான் கருவியைவிட முழுமையானது.

உப்புக்காற்று:
மேலே இருவரும் சொன்னது பயனுள்ளது, ஆனால் ஒரு ஓட்டையை மூடியாக வேண்டும். இன்றைய கொத்தனாரின் பேச்சு இன்றைய பழக்கத்துக்குச் சாட்சி. அந்தச் சுவரைப் பூசியவர் வேறு ஆள், வேறு காலம். ஓடு கழித்தபின் 15.6 போல ஓர் எண் வந்து பொருந்தினாலும், அதற்காகப் பழைய விகிதமும் ஒன்றுக்கு மூன்று என்று எழுதிவிடாதீர்கள். "இன்றைய ஒன்றுக்கு மூன்றோடு முரண்படவில்லை" என்பது வரைதான் சான்று போகும்.

அமிலக் கணக்கைத் தனியாக நம்ப வேண்டாம், சாந்தில் சுர்க்கி (செங்கல் தூள்) இருந்தால் அதிலும் கொஞ்சம் கரையும். டிஜிஏ (சூடாக்கிக்கொண்டே எடை குறைவதை அளக்கும் சோதனை) செய்யுங்கள். சுமார் 600 முதல் 800 டிகிரிக்குள் போகும் எடை கார்பனேட்டிலிருந்து வெளியேறும் கரியமில வாயு. அதை 2.27-ஆல் பெருக்கினால் கார்பனேட் அளவு கிடைக்கும். முழுச் சாந்தில் 8.4 சதவீதம் போனால் உங்கள் 19 சரி. கருவிக்குள் போவது சில பத்து மில்லிகிராம்தான், எனவே முழுத் துண்டையும் பொடித்து, நான்காகப் பகுத்துப் பகுத்துக் குறைத்து எடுக்க வேண்டும். ஓட்டுக் கார்பனேட் இதிலும் சேர்ந்தே வரும், அதைப் பிரித்துச் சொல்லப் பொறுக்கி எடுத்த எடைதான் வழி.

மாடவீதி:
மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று. கடுக்காயும் வெல்லமும் போடுவதாக எல்லாரும் சொல்கிறார்கள், எஃப்டிஐஆரில் (அகச்சிவப்புக் கதிரால் சேர்மங்களை அடையாளம் காணும் சோதனை) ஒன்றுமே தெரியவில்லை. இல்லை என்று எழுதலாமா?

கிளிஞ்சல்:
எழுதாதீர்கள். எஃப்டிஐஆர் வரைபடத்தில் கார்பனேட்டின் அலைஎண் 1420 பக்கத்து அகலமான பட்டை சிறு அளவுச் சேர்மங்களை அமுக்கிவிடும். வெல்லம் தண்ணீரில் கரைவது, பல மழைக்காலம் பார்த்த சுவரில் தங்கியிருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. முட்டை வெள்ளை போட்டிருந்தால் 1650-இல் தேடுவார்கள், அங்கேயும் ஈரத்தின் பட்டை 1640-இல் வந்து குழப்பும். மாதிரியை 60 டிகிரியில் உலர்த்திவிட்டுப் பாருங்கள். கடுக்காய் போட்டும் போடாமலும் இரண்டு வில்லை வார்த்து, அவற்றையும் அதே கருவியில் ஓட்டுங்கள். போட்டதிலேயே தெரியவில்லை என்றால் அந்தக் கருவியால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, அதை அப்படியே எழுதுங்கள்.