ஸ்ப்ரூ பிளேட்டுக்குத் தமிழில் என்ன? வாலா, வாயா, காம்பா

பொருள்: ஸ்ப்ரூ பிளேட் – சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கார் ஷெட்டில் உட்கார்ந்து துப்பாக்கிக்கான ஈயக் குண்டுகளைத் தானே வார்த்துக்கொள்வார். விற்க அல்ல, ஞாயிற்றுக்கிழமை இலக்குச் சுடும் பழக்கத்துக்கு. சொந்த உபயோகத்துக்கு வார்க்க இங்கே உரிமம் கேட்பதில்லை. அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தேன். நான்கு பத்தி ஓடியது, ஐந்தாவதில் கருவியின் பெயர் வந்தது, வண்டி நின்றுவிட்டது.

கருவி இப்படி இருக்கும். இடுக்கி மாதிரி இரண்டு மரப்பிடிகள். அவற்றின் நுனியில் ஆளுக்கொன்றாக இரண்டு உலோகக் கட்டைகள். பிடியை மூடினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், நடுவில் குண்டின் வடிவத்தில் வெற்றிடம். மேலே ஒரு தட்டையான தகடு, ஓர் ஓரத்தில் ஒரே ஒரு திருகில் மாட்டியிருக்கும். தகட்டில் புனல் போன்ற ஓட்டை. அதன் வழியே உருகிய ஈயத்தை ஊற்றுவார். உள்ளே நிரம்பியதுபோக ஓட்டையின் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஈயம் குவிந்து நிற்கும். அது இறுகியதும் மரச்சுத்தியால் தகட்டை ஒரு தட்டு. தகடு திருகிச் சுழன்று பொத்தானைச் சீவிவிடும். பிடியை விரித்தால் குண்டு பழைய துண்டின்மேல் சொத்தென்று விழும்.

அந்தப் பொத்தான்தான் ஸ்ப்ரூ. சீவும் தகடு ஸ்ப்ரூ பிளேட். நான் யோசித்தவை: மோல்டு – அச்சு, கேவிட்டி – உட்குழிவு, ஸ்ப்ரூ – வார்ப்பு எச்சம், ஸ்ப்ரூ பிளேட் – வார்ப்பு எச்ச நீக்கித் தகடு. கடைசிச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த அறையிலிருந்து என் மனைவி, "யாரைத் திட்டுறீங்க?" என்றாள்.

இன்னொன்று. இவர் கடையில் விற்கும் மோல்டை விட்டுவிட்டு, தன் துப்பாக்கிக்கென்றே அளவு கொடுத்து ஒன்று செய்து வாங்கியிருக்கிறார். அந்தக் கஸ்டம் மோல்டுக்கு 'தனிப்பயன் அச்சு' என்று எழுதினால் கணினிச் சொல் வாடை அடிக்கிறது. உதவுங்கள்.

– பென்சில்வேனியாவிலிருந்து

* * *

வணக்கம்.

வெறும் 'அச்சு' போதாது. வண்டிக்கும் அச்சு, நூலுக்கும் அச்சு, முறுக்குக்கும் அச்சு. 'வார்ப்பச்சு' என்று எழுதிவிடுங்கள், குழப்பம் தீரும்.

எங்கள் குடும்பம் அச்சகக் குடும்பம். ஈய எழுத்தைக் கையச்சில் வார்க்கும்போதும் இதே கதைதான். எழுத்தின் அடியில் வால் மாதிரி ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வரும், அதை ஒடித்து மறுபடி உருக்குச் சட்டியில் போடுவார்கள். ஆகவே ஸ்ப்ரூவுக்கு 'வால்' என்றே சொல்லலாமே? இல்லையென்றால் 'வார்வாய்'. தகடு 'வார்வாய்த் தகடு'.

ஒரு துணைச் செய்தி: அமெரிக்காவில் லைனோடைப் இயந்திரங்கள் (நாளிதழுக்கு வரிவரியாக ஈய எழுத்து வார்த்தவை) ஓய்ந்தபோது அந்த எழுத்து உலோகத்தைத் தேடித் தேடி வாங்கியவர்களில் இந்தக் குண்டு வார்ப்பவர்களும் உண்டு. நூற்றுக்கு 84 ஈயம், 12 ஆண்டிமனி, 4 வெள்ளீயம். நாளிதழ் அச்சடித்த உலோகம் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

– சென்னையிலிருந்து

* * *

தம்பிக்கும் சென்னை ஐயாவுக்கும் வணக்கம்.

கோவையில் முப்பது வருடம் பவுண்டரி. எங்கள் தளத்தில் ஸ்ப்ரூ, ரன்னர், ரைசர் என்றுதான் பேசுவோம், தமிழ்ச்சொல் யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஈயம். ஐயா 'ஈயம்', 'வெள்ளீயம்' என்று பிரித்துவிட்டார், தம்பி பிரிக்கவில்லை. நம் வீட்டு ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோம், அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம், அதுவும் வெள்ளீயம். குண்டு வார்ப்பது காரீயத்தில், அது நஞ்சு. கலைச்சொல் கட்டுரையில் 'ஈயக் குண்டு' என்று எழுதினால், படிக்கிறவர் ரசச் சொம்பை நினைத்துக்கொண்டு கையைக் கழுவாமல் சாப்பிட உட்காருவார். முன்னால் 'கார்' என்று சேர்க்க என்ன செலவு? காரீயம் என்றே எழுதுங்கள்.

இரண்டாவது, கேவிட்டி. 'உட்குழிவு' எதற்கு? குழிப்பணியாரச் சட்டி இருக்கிற ஊர் நம்முடையது. ஏழு குழிச் சட்டி என்றால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். அதே கணக்கில் ஒற்றைக்குழி அச்சு, இரட்டைக்குழி அச்சு, ஆறுகுழி அச்சு. ஆறுகுழி அச்சில் வேலை வேகமாக நடக்கும், கை வலிக்கும். ஒற்றைக்குழியில் பொறுமை வேண்டும். படித்ததுமே இது விளங்கிவிடும், விளக்கக் குறிப்பு தேவையில்லை.

இப்போது ஸ்ப்ரூ. இங்கேதான் ஆங்கிலம் நம்மைச் சுற்றலில் விடுகிறது. உலோகம் இறங்கும் வழிக்கும் ஸ்ப்ரூ என்கிறான், அந்த வழியில் இறுகி நின்ற மிச்சத்துக்கும் ஸ்ப்ரூ என்கிறான். ஓட்டையும் ஓட்டையை அடைத்த பொருளும் ஒரே பெயரில். தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் போனால் சண்டை தீராது. சென்னை ஐயா 'வால்' என்றும் 'வார்வாய்' என்றும் இரண்டு சொல் கொடுத்தாரே, அவர் அறியாமலே சரியாகப் பிரித்திருக்கிறார். வழிக்கு வார்வாய். அதில் எனக்கு மறுப்பில்லை.

மிச்சத்துக்கு 'வால்' வேண்டாம். வால் பொருளோடு பிறந்தது, வெட்டினால் பொருளுக்குக் குறை. 'எச்சம்' வேண்டாம், காக்கை நினைவு வரும். நான் சொல்வது 'காம்பு'. கத்தரிக்காய்க்கும் வெற்றிலைக்கும் காம்பு எப்படி? அதன் வழியாகத்தான் சத்து உள்ளே போனது, காய் முற்றியதும் அதற்கு வேலை முடிந்தது, சமைக்குமுன் கிள்ளிப் போடுகிறோம். வார்ப்பிலும் அதேதான். காரீயம் இறுகும்போது சுருங்கும். அப்போது உள்ளே ஏற்படும் குறையை, மேலே இன்னும் இளகிய நிலையில் இருக்கும் அந்தப் பொத்தான்தான் இறங்கி நிரப்புகிறது. பொத்தான் சிறுத்தால் குண்டின் அடிப்பக்கத்தில் குழி விழும். ஆக அது வெறும் மிச்சம் இல்லை, ஊட்டிவிட்ட உறுப்பு. காம்பு என்ற சொல்லில் இந்த வேலை தானாகவே வந்துவிடுகிறது.

அப்போது தகடு? 'காம்புத் தகடு' போதும். வினை வேண்டுமானால் 'காம்பு சீவுதல்'. கிள்ளுதல் கையால் செய்வது, இது தகட்டு விளிம்பு செய்வது, அதனால் சீவுதல்.

சீவும் நேரத்தைப் பற்றித் தம்பி கட்டுரையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஊற்றியதும் காம்பு கண்ணாடி மாதிரி மின்னும். சில நொடியில் அந்த மினுக்கம் சட்டென்று மங்கும், யாரோ ஊதியதுபோல. மங்கியதும் இன்னும் சில நொடி பொறுத்துத் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் சேறு மாதிரி இழுபட்டு அடிப்பாகம் பிய்ந்துவிடும். பெரும்பாலான அச்சுகளில் குண்டு தலைகீழாக நிற்கிறது, காம்பு ஒட்டுவது அடிப்பக்கத்தில். மூக்கில் சிறு பழுது இருந்தாலும் குண்டு ஓரளவு நேராகப் போகும், அடிவிளிம்பு பிய்ந்தால் போகாது. ரொம்பத் தாமதித்தாலும் கல்லாக இறுகிவிடும், சுத்தி உடையும்.

மற்றவை சடசடவென்று: இரண்டு கட்டைகளின் முகத்தில் மயிரிழைக் கோடுகள் கீறியிருக்குமே, காற்று வெளியேற, அவை 'மூச்சுக்கோடு'. கட்டைகள் சரியாக மூடாவிட்டால் ஓரத்தில் விசிறி மாதிரி நீட்டிக்கொண்டு வருவது 'பிசிறு'. இது ஏற்கனவே எங்கள் தளத்துச் சொல். சட்டிமேல் மிதப்பது கசடு. அச்சு சூடேறாதபோது வார்த்தால் குண்டு சுருக்கம் சுருக்கமாக விழும். அதற்குச் சொல் தேவையில்லை, முதல் தோசை என்றால் எல்லோருக்கும் தெரியும். அச்சு அளவுக்கு மீறிச் சூடேறினால் மேலெல்லாம் மாவு பூத்த மாதிரி வரும். 'பூத்த குண்டு' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கஸ்டம் மோல்டுக்கு வருகிறேன். சட்டையை எப்படிச் சொல்கிறோம்? ரெடிமேட் சட்டை, அளவு கொடுத்துத் தைத்த சட்டை. அதேபோல் கடை அச்சு, அளவச்சு. என்ன அளவு கொடுத்தார் என்று பெரியவரைக் கேட்டு எழுதுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

– கோவையிலிருந்து

* * *

வணக்கம். இடையில் ஒரு கேள்வி.

நீங்கள் எல்லோரும் 'குண்டு' என்கிறீர்கள். எங்கட பக்கத்தில் குண்டு என்றால் விமானம் போடுவது. துப்பாக்கியிலிருந்து பாய்வதைச் சன்னம் என்போம், முழுதாக இருப்பது ரவை, சுட்ட பிறகு கிடக்கும் வெறும் கூடு கோது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் மூன்றுக்கும் தோட்டா என்று எழுதிவிட்டுப் போகின்றன. இந்த வேறுபாடுகளை நாங்கள் அகராதி பார்த்துப் படிக்கவில்லை, வீட்டு முற்றத்தில் பொறுக்கிப் படித்தோம். கட்டுரையில் எந்தச் சொல்லை வைத்தாலும், பாயும் உலோகம் வேறு, மருந்தும் கூடும் சேர்ந்த முழுமை வேறு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பெரியவர் வார்ப்பது முதலாவது மட்டும்தானே?

காம்பு நல்ல சொல். வைத்துக்கொள்ளலாம்.

– யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

எல்லோருக்கும் நன்றி.

ஆமாம், அவர் வார்ப்பது பாயும் உலோகம் மட்டும். 'குண்டு' என்று வைத்துக்கொண்டு, முதல் தடவை வரும்போது 'சன்னம்' என்றும் சொல்லிவிடுகிறேன். தோட்டா முழுமைக்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பதையும் முதல் பத்தியிலேயே போட்டுவிட்டேன். படித்துவிட்டு யாராவது அடுப்பு மூட்டிவிடக் கூடாது.

கோவை அண்ணா சொன்னபடி அளவைப் பற்றிக் கேட்டேன். பெரியவர் உற்சாகமாகிவிட்டார். துப்பாக்கிக் குழலுக்குள் மெத்தென்ற காரீயத் துண்டு ஒன்றை மெதுவாகத் தட்டி இறக்கி, மறுமுனையில் எடுத்து, அதில் பதிந்த புரியின் (குழலின் உட்சுவரில் சுற்றி ஓடும் பள்ளத்தின்) விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளப்பாராம். வார்த்த குண்டு அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பெருத்திருக்க வேண்டும். 0.308 அங்குலக் குழலுக்கு 0.309 அல்லது 0.310. அவருடையது பழைய துப்பாக்கி, குழல் தேய்ந்து கடை அச்சின் அளவைத் தாண்டிவிட்டது. அதனால்தான் அளவச்சு. கூடவே எந்தக் கலவையில் வார்க்கப்போகிறார் என்றும் அச்சு செய்பவரிடம் சொல்ல வேண்டுமாம். ஒரே அச்சில் தூய காரீயம் ஊற்றினால் குண்டு சற்றுச் சிறுத்தும் கனத்தும் விழும், லைனோடைப் உலோகம் ஊற்றினால் பெருத்தும் எடை குறைந்தும் விழும். சென்னை ஐயாவின் எழுத்து உலோகம் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் இன்னொன்றும் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டில் இதே பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் ஜெர்மானியக் கொல்லர்கள் நீளத் துப்பாக்கி செய்தபோது, ஒவ்வொரு குழலும் ஒவ்வோர் அளவு. அதனால் துப்பாக்கி வாங்கினால் அதற்கேற்ற வார்ப்பச்சையும் கையோடு கொடுப்பார்களாம். அன்றைக்கு எல்லாமே அளவச்சுதான். பெயரில் 'அளவு' என்று சேர்க்க வேண்டிய தேவையே கடை அச்சு வந்த பிறகு ஏற்பட்டது.

திருத்திய வரி: "காம்பின் மினுக்கம் மங்கக் காத்திருந்து, காம்புத் தகட்டை ஒரு தட்டுத் தட்டினார். பிசிறு இல்லை. இரட்டைக்குழி அச்சிலிருந்து இரண்டு குண்டுகள் துண்டில் விழுந்தன. காம்பு தனியாகச் சட்டிக்குத் திரும்பியது." மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். யாரைத் திட்டுறீங்க என்று கேட்கவில்லை.

இன்னும் இரண்டு சிக்கல். எடையைக் கிரெயின் கணக்கில் சொல்கிறார். நம் குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின், மாற்றலாமா? அப்புறம், உருகிய காரீயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அது நொடியில் ஆவியாகி, சட்டியில் உள்ளதெல்லாம் வெடித்துக் கூரைவரை தெறிக்குமாம். இந்த விபத்துக்கு அமெரிக்க வார்ப்பர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'டின்சல் ஃபேரி வந்தாள்'.

– பென்சில்வேனியாவிலிருந்து

* * *

தம்பி,

குன்றிமணி வேண்டாம், கிரெயினே இருக்கட்டும். பொன் நிறுக்கிற அளவை இதில் கலக்காதீர்கள்.

மற்றது, டின்சல் ஃபேரி. அவளுக்குத் தமிழில் 'ஜிகினா தேவதை'. எங்கள் தளத்தில் அவள் ஒருமுறை வந்திருக்கிறாள். மழைக்காலம், நனைந்த கரண்டி. கரண்டி பிடித்தவர் முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போட்டிருந்ததால் இன்றைக்கும் பேத்தியைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார். தேவதை என்று எழுதுங்கள், ஆனால் அந்தச் சட்டையையும் கண்ணாடியையும் அடுத்த வரியிலேயே எழுதுங்கள்.

– கோவையிலிருந்து