அதிர்ஷ்டமாம் அதிர்ஷ்டம்! மேவிஸ் பேட்டியும் காணாமல் போன எல் எழுத்தும்

கோணல்பென்சில்:
நேற்று, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் இத்தாலியும் பயன்படுத்திய ரகசியக் குறியீட்டு இயந்திரமான எனிக்மா பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ரோட்டர்ராஜா போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "மேவிஸ் பேட்டி ஜெர்மன் இலக்கியம் படிச்ச பொண்ணு. ஒரு செய்தியில எல் (L) எழுத்து இல்லேன்னு பார்த்தது குருட்டு அதிர்ஷ்டம். அதுக்குப் போய் குறிமுறை நிபுணர்னு பட்டமா?" அப்போதிருந்து எனக்கு எரிகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேவிஸ், எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்த பிரிட்டிஷ் பெண். எனிக்மாவில் எந்த எழுத்தை அழுத்தினாலும் அதே எழுத்தின் விளக்கு எரியாது. மின்சாரம் சக்கரங்கள் வழியே போய், கடைசியில் ஒரு தட்டில் முட்டி, வேறு பாதையில் திரும்பி வரும். போன பாதையிலேயே திரும்பாது. ஒருநாள் மேவிஸ் கைக்கு ஓர் இத்தாலியக் கடற்படைச் செய்தி வந்தது. முழுசாகத் துழாவியும் அதில் ஓர் எல் கூட இல்லை. சும்மா ஏதாவது அனுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள், ஆபரேட்டர் சோம்பேறி, எல் கட்டையையே அழுத்திக்கொண்டு இருந்துவிட்டான், அதனால்தான் எல் மட்டும் வரவே இல்லை. அந்தப் பிடியை வைத்துப் புதுச் சக்கரத்தின் ஒயரிங்கையே வெளியே இழுத்துவிட்டார்கள். இது அதிர்ஷ்டமா?

ரோட்டர்ராஜா:
ஆமாம், அதிர்ஷ்டம்தான். அந்தச் சோம்பேறி இல்லாவிட்டால் மேவிஸ் என்ன செய்திருப்பார்? அவன் தப்பு செய்தான், இவர் பார்த்தார். கதை முடிந்தது.

கோணல்பென்சில்:
அந்தத் தாள் வேறு யார் கண்ணிலும் படவே இல்லையா? இருப்பதைப் பார்க்க எல்லாருக்கும் வரும். இல்லாததைப் பார்க்க வேண்டுமே! 200 எழுத்துச் செய்தி என்று வையுங்கள். அதில் எல் தற்செயலாக வராமல் போக இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு வாய்ப்புதான். கணக்கு கணக்கு என்று குதிப்பவருக்குக் கணக்கிலேயே பதில்.

ரோட்டர்ராஜா:
அய்யா கணக்குப் புலி! எல்தான் விடுபடும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியுமா? 26 எழுத்தில் ஏதோ ஒன்று விடுபட நூற்றில் ஒரு வாய்ப்பு. நூறு செய்தி பார்ப்பவருக்கு ஒன்று கிடைக்கும். அதுசரி, அந்த 200 எங்கிருந்து வந்தது?

கோணல்பென்சில்:
"என்று வையுங்கள்" என்று எழுதியிருக்கிறேன். தமிழ் படிக்க வரும்தானே?

மூணாம்பெஞ்சு:
ரெண்டு பேரும் கொஞ்சம் தண்ணி குடிங்க. எனக்கு ஒரு சந்தேகம். அவர் ஜெர்மன் படித்தவர், செய்தியோ இத்தாலியன். அப்போ மொழி அறிவு எங்கே உதவியது?

கோணல்பென்சில்:
நல்ல கேள்வி. 1940-ல் பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்குக்கு வந்தபோது வயது 19. அங்கே அவருடைய தலைவர் டில்லி நாக்ஸ் எடுத்த எடுப்பில் கேட்டது, "இங்கே இயந்திரங்களை உடைக்கிறோம், பென்சில் இருக்கா?" அவ்வளவுதான் பயிற்சி. இத்தாலியச் செய்தி 'பெர்' என்று தொடங்கும், இத்தாலியனில் அது '-க்கு'. அடுத்து இடைவெளிக்காக ஓர் எக்ஸ் வரும் என்பது நாக்ஸின் ஊகம். மேவிஸுக்கு எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் விழுந்தது. இன்னொருவராக இருந்தால் தப்பு என்று அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பார். இவர் 'பெர்சோனாலே', அதாவது 'தனிப்பட்டது' என்று நீட்டிப் பார்த்தார். பூட்டு திறந்தது. இதுவும் அதிர்ஷ்டமா ராஜா?

ரோட்டர்ராஜா:
பேச்சை மாற்றாதீர்கள். நான் கேட்டது எல்.

அரைடிக்கெட்:
கிரீஸ் பக்கம் பிரிட்டனும் இத்தாலியும் மோதிய மட்டாபான் கடற்போரைப் பற்றி ஒருத்தரும் வாயே திறக்கவில்லையே! 1941 மார்ச், "இன்று, நாளுக்கு மூன்று நாள் முன்" என்று மொட்டையாக ஒரு செய்தி. மேவிஸ் கூட்டம் ராப்பகலாக உட்கார்ந்து மீதியையும் உடைத்தது. போலா, ஸாரா, ஃபியூமே என்று இத்தாலியின் மூன்று கனரகக் கப்பல்களும் இரண்டு நாசகாரிகளும் கடலுக்கடியில். பிரிட்டிஷ் கப்பற்படைத் தளபதி அட்மிரல் கன்னிங்ஹாம் பிறகு நன்றி சொல்ல நேரில் வந்தார். புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்ப் பக்கம் பெண்கள் அவரைத் தள்ளிக்கொண்டே போய்ச் சாய வைத்துவிட்டார்கள். நீல யூனிஃபார்ம் பூராவும் வெள்ளை!

ரோட்டர்ராஜா:
போரை ஜெயித்தது கப்பற்படை. இத்தாலியர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று ஒற்று விமானத்தை வேண்டுமென்றே அவர்கள் கண்ணில் படவிட்டார்கள். விமானிக்கு யாரும் இங்கே மாலை போடக் காணோம்.

கோணல்பென்சில்:
அந்த விமானத்தை எங்கே அனுப்புவது என்று சொன்னது யாராம், உங்கள் பாட்டியா?

ரோட்டர்ராஜா:
பாட்டி வரைக்கும் வந்தாச்சா. போன வருஷம் பிளெட்ச்லியின் கணித மேதை ஆலன் டூரிங் பற்றிய சண்டையில் என்னை "நோட்ஸ் படிச்சுப் பாஸானவர்" என்று சொன்னதும் நீங்கள்தான். மறக்கவில்லை.

கோணல்பென்சில்:
இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். 1941 டிசம்பரில் ஜெர்மன் உளவுத் துறையின் எனிக்மாவை உடைத்தவர்களில் மேவிஸ் ஒருவர், கூடவே மார்கரெட் ராக். நாக்ஸ் இவர்களை வைத்தே வார்த்தை விளையாடினார்: ஒரு லீவரும் (நெம்புகோல்) ஒரு ராக்கும் (பாறை) கொடுங்கள், உலகத்தையே நகர்த்துகிறேன் என்று. லீவர் என்பது மேவிஸின் பிறந்த வீட்டுப் பெயர். 1944-ல் நேச நாட்டுப் படைகளின் தரையிறக்கம் பிரான்ஸின் கலேயில்தான் என்ற புளுகை ஜெர்மன்காரர்கள் நம்புகிறார்களா என்று லண்டனுக்குத் தெரிந்தது இந்த வழியில்தான். அதற்கும் ஒரு சோம்பேறி ஆபரேட்டர் வேண்டுமா உங்களுக்கு?

மூணாம்பெஞ்சு:
இவ்வளவும் செய்துவிட்டு, பிற்காலத்தில் பழைய தோட்டங்களின் வரலாறு எழுதப் போய்விட்டார். 1987-ல் எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரசு விருதும் தோட்டங்களுக்காகத்தான். 2013-ல் இறந்தார்.

அரைடிக்கெட்:
தோட்டத்திலாவது நிம்மதியாக இருந்திருப்பார். இங்கே வந்திருந்தால் ராஜா விட்டிருக்க மாட்டார்.

ரோட்டர்ராஜா:
ஜால்ரா சத்தம் காதைக் கிழிக்கிறது. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆபரேட்டர் ஏன் எல் கட்டையை அழுத்தினான்? விரலுக்கு எதிரே நடு வரிசையில் இருக்கும் கட்டை. யாரும் அதைத்தான் அழுத்துவார்கள். அதை ஊகிக்க மேதை வேண்டாம்.

கோணல்பென்சில்:
நடு வரிசையா! அது உங்கள் லேப்டாப்பில். எனிக்மாவில் எல் கீழ் வரிசையில், வலது ஓரத்துக் கடைசிக் கட்டை. காலை நீட்டிச் சாய்ந்துகொண்டே ஒற்றை விரலில் அழுத்த வாகான இடம். எனிக்மா படத்தைக்கூடப் பார்க்காமல்தான் இரண்டு நாளாக இந்த ஆட்டமா?

ரோட்டர்ராஜா:
கட்டை எங்கே இருந்தால் என்ன? ஓரத்தில் இருந்தாலும் அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம்தான்.

கோணல்பென்சில்:
"நடு வரிசை" என்று எழுதியது யார்? அதை முதலில் அழியுங்கள்.

ரோட்டர்ராஜா:
200-ஐ நீங்கள் அழியுங்கள், அப்புறம் பார்ப்போம்.